மரக்கூட்டுக்குள் ஒரு ஜெட்

ஜெட் விமானம் என்றாலே நமக்கு உலோகம்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்திய விமானப்படையின் முதல் ஜெட்டான டி ஹாவிலண்ட் வாம்பயரில், விமானி உட்காரும் கூடு மரத்தால் ஆனது. இருபுறமும் ஒட்டுப்பலகை, நடுவே பால்சா மரம். எங்க புதுக்கோட்டையில் ஒரு ஆசாரிகிட்ட சொன்னா நம்ப மாட்டார். உலகப்போரில் மஸ்கிட்டோ விமானத்தை மரத்தில் செய்த நிறுவனத்துக்கு அது கைவந்த வேலை.

வாம்பயர் முதலில் பறந்தது 1943 செப்டம்பரில். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948 மார்ச் 3. அதே வருஷம் நவம்பரில் முதல் வாம்பயர்கள் இந்தியா வந்தன. பிறகு பெங்களூரில் எச்.ஏ.எல். உரிமம் பெற்று அவற்றைத் தயாரித்தது. மூக்கில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள், இறக்கைக்கு அடியில் குண்டு அல்லது ராக்கெட். அன்றைக்கு அது புத்தம் புதுசு.

1965 செப்டம்பர் 1. சாம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் அக்னூரை நோக்கி முன்னேறின. தரைப்படை விமான உதவி கேட்டது. பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவாண் உடனே சம்மதித்தார். மாலை 5 மணிக்கு மேல் பதான்கோட்டிலிருந்து 45ஆம் ஸ்குவாட்ரனின் வாம்பயர்கள் நான்கு நான்காகக் கிளம்பின. மேலே காவலுக்கு ஒரு போர்விமானம்கூட இல்லை.

எதிரே வந்தவை சேபர்கள். பின்சாய்ந்த இறக்கை, மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் கூடுதல் வேகம். தப்பிக்க வாம்பயரில் வெளியேற்றும் இருக்கையும் கிடையாது. மூடியைத் திறந்து விமானியே எக்கிக் குதிக்கணும். அன்று நான்கு வாம்பயர்கள் விழுந்தன. பக்வாகர், ஜோஷி, பரத்வாஜ் ஆகிய மூன்று விமானிகள் இறந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, நாட் விமானத்தில் பறந்த ட்ரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாக அறிவிக்கப்பட்டது. 1965 என்றால் நாம் இன்றும் பேசுவது 'சேபர் ஸ்லேயர்' நாட் பற்றித்தான். வாம்பயர்கள் அந்தப் போரின் முன்னணியிலிருந்து சத்தமில்லாமல் விலக்கப்பட்டன.

வாம்பயர்களைச் சுட்ட ரஃபிக்கியும் செப்டம்பர் 6 அன்று ஹல்வாராவில் சுடப்பட்டு இறந்தார். பாகிஸ்தானில் ஒரு விமானத்தளமே அவர் பெயரில் இருக்கிறது.

டாங்கிகளை நிறுத்த அன்றைக்கு ஏதாவது பறந்தே ஆகவேண்டியிருந்தது, சரி. பழைய விமானத்தை அனுப்பியதைக்கூட அவசரம் என்று ஒத்துக்கொள்ளலாம். காவல் இல்லாமல் அனுப்பியதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வீரம் என்ற ஒரே சொல்லால் அதை மூடிவிட்டால், அனுப்பியவர்களை யாரும் கேள்வி கேட்கவே வேண்டியதில்லை.