தென் இத்தாலியின் தொன்மையான ஒலிவ மரங்கள்

ஆலிவ் என்று பரவலாக அறியப்படும் ஒலிவ மரம், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்பு பயிராக்கப்பட்டது. கொட்டையிலிருந்து முளைக்கும் கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே நல்ல மரம் ஒன்று கிடைத்தால், உழவர்கள் அதன் போத்தை வெட்டி நட்டோ காட்டு ஒலிவத்தின் மீது ஒட்டுக் கட்டியோ அதைப் பெருக்கினர். இவ்வாறு பெருகியவை ஆயிரம் மரங்களாயினும் அவற்றின் மரபணு அமைப்பு ஒன்றே. எருசலேமின் கெத்சமனித் தோட்டத்தில் நிற்கும் எட்டு முதிய மரங்களும் ஒரே மரபணு அமைப்பு உடையவை என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2012-இல் அறிவித்தனர்.

இத்தாலியின் தென்கிழக்கு முனையான சலேந்தோவில் இந்த வழக்கம் ஒரு நிலப்பரப்பையே உருவாக்கியது. 18-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள கல்லிப்போலி துறைமுகத்திலிருந்து (முதல் உலகப் போரில் பேசப்படும் துருக்கியக் கல்லிப்போலி வேறு) விளக்கெரிக்கும் ஒலிவ எண்ணெய் ஐரோப்பிய நகரங்களுக்குக் கப்பலேறியது. பாறையைக் குடைந்து நிலத்தடியில் அமைத்த செக்குகளில் எண்ணெய் ஆட்டப்பட்டது. ஒலியரோலா, செல்லீனா தி நர்தோ என்ற இரண்டு வகைகளே பெரும்பாலான தோப்புகளை நிறைத்தன. வணிகத்துக்கு அது வசதி; அதன் விலை பின்னர்தான் தெரிந்தது.

2013-இல் கல்லிப்போலி அருகே மரங்கள் காய்ந்ததற்குக் காரணம் சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்னும் பாக்டீரியா எனக் கண்டறியப்பட்டது. சாறு உறிஞ்சும் சிறு பூச்சி ஒன்று இதை மரத்துக்கு மரம் கொண்டுசெல்கிறது. வேரிலிருந்து நீர் ஏறும் குழாய்கள் அடைபட, நுனிக் கிளையிலிருந்து மரம் கருகுகிறது. மேற்சொன்ன இரண்டு வகைகளும் இந்நோய்க்கு எளிதில் இரையாயின. பல நூற்றாண்டு மரங்கள் உட்பட லட்சக்கணக்கானவை பட்டுப்போயின.

நோய் பரவாமல் தடுக்க மரங்களை வெட்டும்படி 2015-இல் உத்தரவு வந்தது. தாத்தன் பாட்டன் வளர்த்த மரத்தில் கோடரி படக்கூடாது என்று உழவர்கள் மறித்தனர், வழக்குகள் தொடரப்பட்டன, நோயை ஆராய்ந்த அறிவியலாளர்களே விசாரணைக்கு உள்ளாகி, 2019-இல்தான் அது கைவிடப்பட்டது. உழவர்களின் துயரம் நியாயமானது; ஆனால் அந்தத் தாமதம் நோய்க்கே உதவியது.

லெச்சீனோ என்ற வகையில் மட்டும் பாக்டீரியா நுழைந்தாலும் குறைவாகவே பெருகுகிறது. எஃப்எஸ்-17 என்ற மற்றொரு வகையும் தாங்குகிறது. காய்ந்த தோப்புகளில் முதலில் நட அனுமதிக்கப்பட்டவை இவ்விரண்டே. இரண்டு வகைகளால் அழிந்த நிலத்தை வேறிரண்டு வகைகளால் நிரப்புவது, அடுத்த நோய்க்கு வழிவிடுவதாகவும் முடியலாம்.

இங்குதான் முதிய மரங்களின் மதிப்பு தெரிகிறது. தென் ஸ்பெயினில் நூற்றாண்டு கடந்த மரங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் சிறுபகுதியே இன்று பயிராகும் வகைகளோடு ஒத்திருந்தது. தோட்டங்களிலிருந்து மறைந்துபோன வகைகள் அம்மரங்களில் எஞ்சியிருந்தன. கோர்தோபா, மராக்கேஷ் நகரங்களின் மரபணு வங்கிகளில் பல நாட்டு ஒலிவ வகைகள் உயிருள்ள மரங்களாகவே பேணப்படுகின்றன.

முதிய மரங்களைப் பெயர்த்துத் தொலைதூரத் தோட்டங்களுக்கு அலங்காரமாக விற்பதைத் தடுக்க, சலேந்தோ அடங்கிய அப்புலியா மாநிலம் 2007-இல் சட்டம் இயற்றியிருந்தது. சட்டத்தால் பூச்சியைத் தடுக்க முடியாதல்லவா? ஆகவே ஒஸ்துனி சமவெளி போன்ற இடங்களில் பழைய அடிமரத்தின் மீது லெச்சீனோவை ஒட்டுக் கட்டிப் பார்க்கின்றனர். பட்டுப்போன தோப்புகளின் ஓரங்களில் தானாக முளைத்து, வாடாமல் நிற்கும் காட்டுக் கன்றுகளையும் ஆய்வாளர்கள் தேடிச் சோதித்து வருகின்றனர்.