பழுவூர் விளக்கு

நடுவர் அவர்களே! எதிரே அமர்ந்திருக்கிற 'காதல்' அணித் தோழர்களே! அடுப்படி வேலையை முடித்துவிட்டு ஓடி வந்திருக்கிற பெரம்பலூர், அரியலூர்த் தாய்மார்களே, பெரியோர்களே!

வீரக் கதைகளில் விஞ்சி நிற்பது காதலா, விசுவாசமா? எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? "பெரிய பழுவேட்டரையருக்கு உடம்பெல்லாம் 64 விழுப்புண். சோழ நாட்டுக்கே காவல். அந்த மனுஷனே நந்தினியின் பார்வையிலே விழுந்துட்டாரே! விசுவாசம் எம்மாத்திரம்?"னு கேட்டாங்க. நீங்களும் கை தட்டினீங்க!

நல்ல கதைதான். 1950இல் தொடங்கி 1954 வரை கல்கி வாராவாரம் எழுதினார். 2022லும் 2023லும் சினிமாவாகவும் வந்தது. மேல்நாட்டிலும் இதே சங்கதி உண்டு. ஆர்தர் மன்னனின் தலைசிறந்த வீரன் லான்ஸ்லாட். மன்னன் மனைவி மேலேயே மனசை வைத்தான். வட்ட மேசையே சிதறிப் போச்சு. காதலும் விசுவாசமும் மோதினால்தான் கதைக்கு ருசி. இல்லேன்னா அடுத்த வாரம் யார் பத்திரிகை வாங்குவாங்க? (சிரிப்பு)

ஆனால், நந்தினி கல்கியின் கற்பனை. பழுவேட்டரையர் குலம் கற்பனை இல்லை ஐயா! இதோ, பக்கத்துக் கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலுக்குப் போங்க. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கு. அவன் பட்டத்துக்கு வந்தது 907. ஆக, 919 வாக்கில் வெட்டியது. பாண்டியனும் ஈழத்துப் படையும் சேர்ந்து வந்து வெள்ளூரில் மோதியபோது, சோழனுக்காக நின்று வென்றவர் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார். அந்த வெற்றிக்காகப் பரதூர் நக்கன் சாத்தன் என்பவர் கோயிலுக்கு விளக்கு வைத்தார்.

"சம்பந்தி வீடு, உதவினாங்க!" என்பீர்கள். உண்மைதான். பழுவேட்டரையர் மகளைப் பராந்தகன் மணந்தான்; அவர்கள் பிள்ளை அரிஞ்சயன் என்று அன்பில் செப்பேடு சொல்கிறது. அரிஞ்சயனுடைய பேரன்தான் ராஜராஜன்! சரி, நக்கன் சாத்தன் யாருக்குச் சம்பந்தி? (கைதட்டல்) கூலிக்கு வந்தவன் கூலியை வாங்கிட்டுப் போவான். விளக்கு வைக்க மாட்டான்!

இன்னொன்று. நம்ம கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிய ராஜேந்திரன் 1044இல் மறைந்தான். அவன் தேவி வீரமாதேவி அவனோடு தன் உயிரையும் முடித்துக்கொண்டாள். இதைச் சொல்வது செய்யாறு பக்கத்துப் பிரம்மதேசத்துக் கல்வெட்டு. அந்த வழக்கத்தைப் புகழ நான் வரவில்லை. ஒரு பெண்ணின் உயிர் அது. நான் பார்ப்பது அவளுடைய உடன்பிறந்தானை. மதுராந்தகன் பரகேசரி வேளான், சோழர் சேனாபதி. இருவர் தாகமும் தீரட்டும் என்று அங்கே தண்ணீருக்கு ஏற்பாடு செய்தான். அரசனுக்குச் சேனாபதி, அவளுக்கோ அண்ணன் தம்பி உறவு. ஒரே தண்ணீரிலே இரண்டு கடனையும் தீர்த்தான்!

கதையிலே காதலும் விசுவாசமும் கத்தி எடுத்துக்கிட்டு நிற்கும். கல்லிலே ஒன்றாய் நிற்கும். காரணம், விசுவாசம் என்பது அடிமைத்தனம் இல்லை; ஆள் மறைந்த பிறகும் மறக்காத அன்பு அது. பெற்றவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நக்கன் சாத்தன் இருக்கிறான்.

காதல் கதையைப் படிங்க; ரசிங்க. வாழ்க்கையைத் தாங்குவது விசுவாசமே என்று தீர்ப்பு வழங்குங்கள் என நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.