கடல்நோக்கிய சுடர்

வடசென்னையின் கரை நெடுகிலும் கட்டுமரங்கள் ஓடிய காலத்தில், துறைமுகம் அமையுமுன்பே, 1796-ஆம் ஆண்டில் கோட்டையினுள் ஒரு மாளிகையின் உச்சியில் ஏற்றப்பட்ட தேங்காயெண்ணெய் விளக்குகளே கப்பல்களுக்குச் சென்னையின் முதல் கலங்கரை விளக்கமாயின. எவ்வளவு வெளிச்சம் போதும் என்பது எளிய வினாவன்று. தூரம் இருமடங்கானால் பிரகாசம் நாலிலொன்றாகக் குன்றும் என்பது பிரகிருதியின் நியமம். ஆதலின் திரியைக் கூட்டி எண்ணெயை விரயம் செய்வதினும், சுடருக்குப் பின்னே குழிந்த பிரதிபலிப்பான்களை வைத்துச் சிதறும் கதிர்களைக் கடல்நோக்கித் திருப்புவதே விவேகம். 1844-இல் செயற்படத் தொடங்கிய கருங்கல் விளக்குத்தூணில் அம்முறையே கைக்கொள்ளப்பட்டது. ஆயினும் பூமியின் வளைவை எந்தச் சுடரும் வெல்லாது. அதற்கு உயரமே வேண்டும். 1894-இல் விளக்கு உயர் நீதிமன்றக் கோபுரத்தில், கடல்மட்டத்திற்குமேல் சுமார் 175 அடியில் அமர்ந்தது. அங்கிருந்து தொடுவானம் ஏறக்குறைய 15 கடல்மைல். பாய்மரத்தில் ஏறி நிற்கும் மாலுமிக்கோ அதற்கும் அப்பாலிருந்தே ஒளி தென்படும்.