அமானிதம்

ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருள் அல்லது பொறுப்பு; இஸ்லாமிய ஆட்சிநெறியின் அச்சாணி. பதவி ஆள்பவரின் உடைமையன்று. அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கவும், நீதியுடன் தீர்ப்பளிக்கவும் குர்ஆன் (4:58) பணிக்கிறது; கலந்தாலோசனையை 42:38 போற்றுகிறது. பொதுக் கருவூலமான பைத்துல்மாலுக்கும் இதுவே விதி. இன்று இந்நெறியை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் வக்ஃப் நிர்வாகம்: முத்தவல்லி சொத்தின் பராமரிப்பாளரே, உரிமையாளர் அல்லர். இந்தியாவின் 1995ஆம் ஆண்டு வக்ஃப் சட்டப்படி அவர் வக்ஃப் வாரியத்திடம் கணக்குக் காட்ட வேண்டும்.

இச்சொல்லின் தடம் பழைய வருவாய் நிர்வாகத்திலும் உண்டு. சித்தூர்ப் பகுதி ஆர்க்காடு நவாபிடமிருந்து 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி வசமானது. அக்காலத்தில், குத்தகைக்கு விடாமல் அரசே நேரடியாக வருவாய் திரட்டிய முறைக்கு ‘அமானி’ என்று பெயர். அதுவும் இதே அரபு வேரிலிருந்து வந்த சொல்தான். சித்தூர் மாவட்டத்துக் குடுபல்லியில் இன்றும் வருவாய் அதிகாரி ‘தாசில்தார்’. அச்சொல்லும் அந்த நிர்வாக மரபு விட்டுச்சென்றதே.