மணலில் உட்கார்ந்தவர்கள்

சென்னைக் கடற்கரையின் வரலாறு இதுவரை மேடையிலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. யார் பேசினார், எந்த ஆண்டு பேசினார், என்ன தீர்மானம் நிறைவேறியது என்ற வரிசை நம்மிடம் உண்டு. எதிரே மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்ற கேள்வி அந்த வரிசையில் இல்லை. பேச்சைக் கேட்கத்தான் வந்தார்கள் என்று நாமாக முடிவு செய்துகொண்டோம். அந்த முடிவைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்கலாம்.

எங்கள் ஆயா வியாசர்பாடியிலிருந்து தாத்தாவோடு கடற்கரைக் கூட்டங்களுக்குப் போய்வந்தவள். தாத்தா பின்னி மில் தொழிலாளி. யாருடைய பேச்சு பிடிக்கும் என்று ஒருமுறை கேட்டேன். ‘பேச்சு எங்கடா காதுல வுழுந்துச்சு. காத்து வரும். மணல்ல குந்திட்டா நீ எந்தத் தெருன்னு எவனும் கேக்க மாட்டான். அதுக்கோசரம்தான் போவோம்’ என்றாள். நான் படித்த இயக்க வரலாறுகள் எதிலும் இந்த வாக்கியம் இல்லை.

இந்தக் கரை மக்கள் கூடுவதற்காக உருவாக்கப்பட்டதல்ல. 1870களின் நடுவில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியபின் அதன் தென்புறம் மணல் சேர்ந்து கரை அகன்றது. 1881 முதல் 1886 வரை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து, சிசிலியின் நினைவில் ‘மெரினா’ என்று பெயரிட்டார். ஆளும் வர்க்கம் மாலையில் காற்று வாங்குவதற்கான சாலை அது. சாலைக்கு அப்பாலிருந்த மணலை யாரும் பொருட்படுத்தவில்லை. காலனியம் தன் சுகத்துக்காகச் செய்ததன் உபரியில்தான் நமது பொதுவெளி பிறந்தது.

நாற்காலி இல்லாத இடம் என்பது சின்ன விஷயமல்ல. கோயில், குளம், காப்பி கிளப் என்று எங்கும் யார் எங்கே உட்காரலாம் என்ற விதி இருந்த காலம். 1923 மே முதல் நாள், இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களைச் சிங்காரவேலர் உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் நடத்தியதை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். திலகர் கட்டம் என்றழைக்கப்பட்ட திருவல்லிக்கேணி மணலில் தேசியவாதிகள் பேசினார்கள். பின்னர் திராவிட இயக்கத்தாரும் அதே கடற்கரையில் பேசினார்கள். காற்று வாங்க வந்தவர் நின்று கேட்பார். கேட்க வந்தவர் சுண்டல் வாங்கிக்கொண்டு அலையோரம் போய்விடுவார். பொழுதுபோக்கு / அரசியல் என்ற எதிர்மை நமது விமர்சனத்தில்தான் இருக்கிறது. மணலில் அது இருந்ததில்லை.

மேடையே இல்லாத கூட்டமும் ஒன்று இங்கே உண்டு. காணும் பொங்கலன்று வடசென்னையிலிருந்தும் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்தும் ஜனங்கள் தூக்குச் சட்டியில் சோறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். துணி விரித்துச் சாப்பிடுகிறார்கள், பக்கத்துக் குடும்பத்துக் குழந்தைக்கும் ஒரு வாய் ஊட்டுகிறார்கள், பொழுது சாய்ந்ததும் போய்விடுகிறார்கள். களியாட்டத்தில் நடிப்பவர், பார்ப்பவர் என்ற பிரிவினை இல்லை என்பார் பக்தின். பேச்சாளர் இல்லாத காரணத்தாலேயே நம் வரலாற்றாசிரியர்களுக்கு இது ஒரு நிகழ்வாகப் படவில்லை. மறுநாள் செய்தித்தாளுக்கு இது எத்தனை டன் குப்பை என்கிற கணக்கு. காவல்துறைக்கு, கடலில் இறங்கவிடாமல் தடுக்கச் சவுக்குக் கட்டை வேலி.

இதைச் சமத்துவ சொர்க்கமாக நான் சித்திரிக்கவில்லை. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டியிருந்த பெண்களுக்கு இந்த மணல் பாதிதான் சொந்தம். கரைக்கு உரியவர்களான மீனவர்களோ ‘அழகுபடுத்தல்’ என்ற சொல்லாடலில் அசுத்தமாக மாற்றப்பட்டார்கள். 1985இல் அவர்களுடைய கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முனைந்தது. எதிர்த்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. சிங்காரவேலர் பிறந்த சமூகம் அது.

2017 சனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இதே மணலில் ஒரு வாரம் கூடியிருந்தார்கள். அந்தக் கோரிக்கையின் சாதிய உள்ளடக்கத்தை நாம் விவாதித்தாக வேண்டும். ஆனால் இரவெல்லாம் பெண்கள் அச்சமின்றி மணலில் இருந்தார்கள், யாரென்று கேட்காமல் சோறு பங்கிடப்பட்டது என்பதும் வரலாறுதான். 23ஆம் தேதி கூட்டம் கலைக்கப்பட்டது. அலையோரம் ஓடியவர்களுக்கு அடைக்கலம் தந்தவர்கள் மீனவர்கள். அன்று நடுக்குப்பத்து மீன் சந்தை எரிந்தது.

மெரினாவில் போராட்டத்துக்கு அனுமதியில்லை என்ற அரசின் நிலைப்பாட்டை 2018இல் உயர்நீதிமன்ற அமர்வும் ஏற்றுக்கொண்டது. ஆக, காற்றுக்காக உட்காரலாம், கோரிக்கைக்காக உட்காரக் கூடாது. இந்தப் பிரிவினையை அதிகாரம் மட்டும் செய்யவில்லை என்பதே என் சங்கடம். சந்தோஷமாக உட்கார்ந்திருந்த ஜனங்களை அரசியலற்றவர்கள் என்று தள்ளி, மேடையை மட்டும் ஆவணப்படுத்திய நாமும் இதையேதான் செய்தோம். சந்தோஷம் இயக்கத்தின் கழிவு அல்ல. முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்காரும் பழக்கத்தை அதுதான் உண்டாக்கியது. அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் எந்தப் பேச்சாளரும் கூட்டத்தை உண்டாக்கிவிட முடியாது.

நண்பர்களோடு நாங்கள் நடத்தும் கருத்தரங்கு ஒன்றுக்கு ஆயாவைக் கூப்பிட்டேன். நாற்பது நாற்காலி, மின்விசிறி, அடைத்த ஜன்னல். ‘ரூமுக்குள்ள குந்திக்கினு இன்னாடா பண்றது?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.