சிங்கப்பூர் டூ நியூயார்க்: 15,349 கி.மீ. தூரம்.. 18 மணி நேரப் பயணம்.. விமானம் ஏன் குறுக்கு வழியில் போவதில்லை?

நடுவில் எங்கேயும் இறங்காமல் 18 மணி நேரத்துக்கும் மேல் ஒரே சீட்டில் உட்கார முடியுமா? சிங்கப்பூரின் சாங்கிக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இயக்கும் விமானத்தில் அப்படித்தான் போகிறார்கள். உலகின் மிக நீளமான நேரடி பயணிகள் விமான சேவை இது.

தூரம் எவ்வளவு?

சுமார் 15,349 கி.மீ. சென்னை - சிங்கப்பூர் தூரத்தைப் போல 5 மடங்குக்கும் அதிகம். பூமி உருண்டையில் இந்த இரு நகரங்களும் கிட்டத்தட்ட நேர் எதிர்ப் பக்கத் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. அதனால் மிகக் குறைந்த தூரம் வட துருவத்தை ஒட்டிப் போகும் பாதைதான். செல்போன் மேப்பில் பார்த்தால் இது புரியாது, ஒரு குளோபில் நூல் பிடித்துப் பாருங்க!

அப்போ விமானம் அந்த வழியில் போகாதா?

பெரும்பாலும் போகாது. காரணம், காற்று. தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற வேகமான காற்று வீசுகிறது. இதை முதுகில் வாங்கிக்கொண்டு பசிபிக் கடல் வழியாகப் பறந்தால் கிலோமீட்டர் கூடும், ஆனால் நேரமும் எரிபொருளும் மிச்சம். 2018-ல் நியூவார்க் நகருக்கு இந்த சேவை தொடங்கியபோது நிறுவனம் சொன்ன பாதை தூரமே சுமார் 16,700 கி.மீ.! திரும்பும்போது அட்லாண்டிக் பக்கமாகக் கிழக்கே பறக்கும் நாட்களும் உண்டு.

பயண நேரம் எப்படி?

மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்தால், 15,349 கி.மீ.க்கு 17 மணி நேரம் வரும். டிக்கெட்டிலோ 18 மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது, சுற்றுப்பாதை எல்லாம் அதில் சேர்த்தி. காற்று நன்றாக இருந்தால் முன்கூட்டியே தரையிறங்கும். 2018-ல் முதல் விமானம் சுமார் 17.5 மணி நேரத்திலேயே போய்ச் சேர்ந்தது.

எகானமி சீட்டே கிடையாது!

ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் விமானத்தில் மொத்தம் 161 சீட்தான். பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. எடையைக் குறைத்தால்தான் இவ்வளவு தூரம் பறக்க முடியும். 2004-ல் 4 இன்ஜின் விமானத்தில் ஓடிய இதே சேவை, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்தப்பட்டது. இப்போதைய விமானத்துக்கு 2 இன்ஜின் மட்டுமே.

டிக்கெட் போடும் முன் கவனிங்க

* நியூயார்க்கில் சனிக்கிழமை இரவு 10 மணிக்குக் கிளம்பினால், சிங்கப்பூரில் இறங்கும்போது திங்கள் அதிகாலை. ஞாயிறு வானத்திலேயே போய்விடும். ஹோட்டல் புக்கிங்கில் தேதியைச் சரிபாருங்க.

* இறங்கியதும் அடுத்த விமானம் இருந்தால், இடையில் தாராளமாக நேரம் விடுங்க.

* 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. அடிக்கடி எழுந்து நடங்க, கணுக்காலை அசைங்க, தண்ணீர் குடிங்க. ஏற்கனவே ரத்த உறைவு வந்தவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே டிக்கெட் போடுவது நல்லது.