பாறைப் பாதைகளில் ஜீப்பின் பின் அச்சு: ஒரு மேம்பாட்டு வரலாறு

வண்டியின் பின் சக்கரங்கள் இரண்டையும் தாங்கி, எஞ்சினின் சுழற்சியை அவற்றுக்குக் கொண்டுசேர்க்கும் பகுதி பின் அச்சு ஆகும். பட்டறைகளில் இதைப் 'பின் ஆக்சில்' என்பர். இரும்புக் கூடு ஒன்றின் நடுவில் கிரௌன் வீல், பினியன், டிஃபரன்ஷியல் ஆகியவையும், இருபுறமும் நீளும் குழல்களுக்குள் அச்சுத்தண்டுகளும் இருக்கும். தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டியின் உரிமையாளர் இதைப் பற்றி நினைக்க வேண்டியதே இல்லை. பாறைகள் மேல் வண்டியை ஏற்றுபவருக்கோ, வீடு திரும்புவது பெரும்பாலும் இந்தப் பகுதியைப் பொறுத்தே இருக்கிறது.

அமெரிக்காவில் ஜீப் வண்டிகளின் பின் அச்சை மாற்றி வலுவாக்கும் வழக்கம் பல பத்தாண்டுகள் பழமையானது. ஓர் உறுப்பை வலுவாக்கினால் சுமை அடுத்த உறுப்புக்கு நகரும் என்பதை அந்த வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

அச்சு ஏன் முறிகிறது?

சாலையில் விசை மிகுந்தால் டயர் வழுக்கிவிடும், அச்சுத்தண்டு தப்பிவிடும். பாறை இடுக்கில் டயர் சிக்கிக்கொண்டால் அது வழுக்க முடியாது. எஞ்சினின் முறுக்குவிசை முழுவதும் தண்டை முறுக்கத் தொடங்கும். மூன்று மாற்றங்கள் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

முதலாவது, பெரிய டயர். டயரின் ஆரம் கூடினால் தரையின் எதிர்விசைக்கு நீளமான நெம்புகோல் கிடைக்கிறது. 29 அங்குல டயருக்குப் பதில் 35 அங்குல டயர் மாட்டினால், அதே பிடிமானத்தில் தண்டு தாங்கவேண்டிய முறுக்கம் ஏறத்தாழ 20 விழுக்காடு உயரும்.

இரண்டாவது, தாழ்ந்த கியர். உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி ஜீப்பில் முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ், அச்சு மூன்றும் சேர்ந்து எஞ்சினின் முறுக்குவிசையைச் சுமார் 25 மடங்காக்கின. 2007இல் வந்த ராங்லர் ரூபிகான் வண்டியில் அது 73 மடங்கு.

மூன்றாவது, லாக்கர். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் முறுக்குவிசையைச் சமமாகப் பிரிக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றால் மற்றொன்றுக்கும் அதே சிறு விசைதான் கிடைக்கும். வண்டி நின்றுபோகும், ஆனால் தண்டு பிழைக்கும். லாக்கர் இரு தண்டுகளையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால், தரையில் பிடித்திருக்கும் ஒற்றைச் சக்கரத்தின் தண்டே முழுச் சுமையையும் ஏற்க நேரும்.

போர்க்கால ஜீப்பும் ரூபிகான் பாதையும்

கிளாரன்ஸ் ஸ்பைசர் 1904இல் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் அதை நடத்திய சார்லஸ் டேனாவின் பெயரை 1946இல் ஏற்றது. ஜீப்புகளின் அச்சுகள் 'டேனா 44', 'டேனா 60' என்று அழைக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

1941 முதல் 1945 வரை தயாரான வில்லிஸ் எம்பியின் பின் அச்சு 'முழு மிதவை' வகையைச் சேர்ந்தது. இவ்வகையில் வண்டியின் எடையைக் குழலும் ஹப்பும் தாங்கும். தண்டு சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்யும். தண்டு முறிந்தாலும் சக்கரம் கழலாது. போருக்குப் பின் பொதுமக்களுக்கான சிஜே-2ஏ ஜீப்பில், தொடக்க காலத் தயாரிப்புக்குப் பிறகு 'அரை மிதவை' அச்சு இடம்பெற்றது. இதில் தண்டே எடையையும் தாங்கி, சக்கரத்தையும் சுழற்றும். பண்ணை வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் ஜீப் பண்ணையோடு நிற்கவில்லை. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் கருங்கற்களுக்கிடையே சுமார் 22 மைல் நீளும் ரூபிகான் பாதையில் 1953இல் 'ஜீப்பர்ஸ் ஜாம்போரி' என்னும் பயணம் தொடங்கியது. யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரில் 1967இல் 'ஈஸ்டர் ஜீப் சஃபாரி' தொடங்கியது. ஆண்டுதோறும் மக்கள் திரண்டு வந்த இப்பாதைகளே அச்சுகளின் உண்மையான சோதனைக்கூடங்கள் ஆயின.

அளவு மட்டும் போதாது: ஏஎம்சி 20

1970இல் ஜீப் நிறுவனத்தை அமெரிக்கன் மோட்டார்ஸ் வாங்கியது. 1976இல் சிஜே-7 அறிமுகமானபோது, அதுவரை சிஜே வண்டிகளில் இருந்த டேனா 44 நீக்கப்பட்டு, ஏஎம்சி 20 என்னும் பின் அச்சு வந்தது. டேனா 44இன் கிரௌன் வீல் 8.5 அங்குலம், ஏஎம்சி 20இல் 8.875 அங்குலம். தாளில் பார்த்தால் புதியதே பெரியது.

குறை வேறிடத்தில் இருந்தது. சிஜே வண்டிகளில் தண்டும் ஹப்பும் இரு தனித் துண்டுகள். ஹப் தண்டின் கூம்பு முனையில் அழுத்திப் பொருத்தப்பட்டு, நட்டால் இறுக்கப்பட்டிருந்தது. பெரிய டயரும் கடும் ஏற்றமும் சேர்ந்தபோது ஹப் தண்டின் மேல் நழுவியது. தண்டு சுழல, சக்கரம் நின்றது. மெல்லிய குழல்களும் வளைந்தன. ஹப்பும் தண்டும் ஒரே துண்டாக அமைந்த மாற்றுத் தண்டுகளை உதிரிப்பாக நிறுவனங்கள் விற்கத் தொடங்கின. உரிமையாளர்கள் குழல்களை நடுக்கூட்டோடு பற்றவைத்தனர். பல்சக்கரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அச்சின் வலு அதன் மிக மெலிந்த இணைப்பின் வலுவே என்பதை ஏஎம்சி 20 கற்பித்தது.

டேனா 35: கழலும் சக்கரம்

1987இல் சிஜேக்குப் பதிலாக வந்த ராங்லரில் டேனா 35 பொருத்தப்பட்டது. இதன் கிரௌன் வீல் சுமார் 7.56 அங்குலம், தண்டின் விட்டம் சுமார் 1.17 அங்குலம். 1990களின் வண்டிகளில், தண்டை உள்ளே நிறுத்திவைப்பது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் 'சி-கிளிப்' என்னும் சிறு வளையம் மட்டுமே. தண்டு முறிந்தால் வெளித்துண்டைப் பிடிக்க எதுவுமில்லை. சக்கரம் தண்டோடு வெளியே நகரும். செங்குத்துச் சரிவில் இது பழுது என்ற நிலையைத் தாண்டி உயிராபத்தாகிறது.

உருளைத் தண்டின் முறுக்கு வலு அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 1.31 அங்குலத் தண்டு கொண்ட டேனா 44, விட்டத்தில் 12 விழுக்காடே பெரியது. வலுவிலோ, உலோகம் ஒன்றே என்றால், ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல். 1.5 அங்குலத் தண்டுடைய டேனா 60 இரு மடங்குக்கும் மேல் தாங்கும்.

பழைய வண்டிகள் தந்த விடை

புதிய அச்சு வாங்க வசதியில்லாதவர்கள் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கிடங்குகளை நாடினர். 1957 முதல் 1986 வரை ஃபோர்டு தயாரித்த 9 அங்குல அச்சு பலரின் முதல் தேர்வு. அதன் பல்சக்கரத் தொகுதியை முன்புறமாக ஒரே துண்டாகக் கழற்றலாம். பினியனுக்கு மூன்றாவதாக ஒரு பேரிங்கும் உண்டு. பினியன் தாழ்வாக அமைந்திருப்பது அதன் குறை. உயர்த்தப்பட்ட வண்டியில் டிரைவ் ஷாஃப்ட் செங்குத்தாகச் சாய்ந்து பாறையில் உரசும்.

அடுத்து வந்தது ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 அங்குல அச்சு. 1995 முதல் அதில் டிஸ்க் பிரேக்கும் இருந்தது. சக்கர போல்ட்டுகளின் அமைப்பு ராங்லர், செரோக்கி ஆகியவற்றோடு பொருந்தியது. அகலமும் நெருங்கி வந்தது. இதிலும் சி-கிளிப் உண்டு என்பதால் பழைய அச்சம் முழுவதும் நீங்கவில்லை. ஆனால் தண்டு தடித்தது, விலை குறைந்தது. 37 அங்குலமும் அதற்கு மேலும் டயர் மாட்டியவர்கள் கனரக பிக்கப் வண்டிகளின் முழு மிதவை டேனா 60 அச்சை நாடினர். போர்க்கால ஜீப்பில் இருந்த பாதுகாப்பு, பெரிய உருவில் திரும்பி வந்தது.

மாற்றும் வேலை

அச்சு மாற்றம் போல்ட்டு கழற்றி மாட்டும் வேலை அல்ல. பழைய தாங்கிகளை வெட்டி, வில்பட்டைகளுக்கான இருக்கைகளைப் புதிய குழலில் பற்றவைக்க வேண்டும். பற்றவைப்புக்கு முன் பினியனின் சாய்வுக் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். தவறினால் டிரைவ் ஷாஃப்ட் அதிர்ந்து அதன் மூட்டுகள் தேயும். ஒரே இடத்தில் நீளமாகப் பற்றவைத்தால் வெப்பத்தால் குழல் வளையும். ஆகவே சிறு சிறு பகுதிகளாக, ஆறவிட்டுச் செய்வர்.

முன், பின் அச்சுகளின் பல்சக்கர விகிதம் பொருந்தியிருப்பது இன்றியமையாதது. பின்னால் 4.10, முன்னால் 3.55 என்றிருந்தால் நான்கு சக்கர இயக்கத்தில் இரு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். பிடிப்புள்ள தரையில் ஏதோ ஒன்று உடையும். பிரேக் குழாய்கள், கைப்பிரேக் கம்பி, டிரைவ் ஷாஃப்ட்டின் நீளம் ஆகியவையும் மாறும். பெரிய அச்சின் நடுக்கூடு தாழ்ந்து தொங்குவதால், பெரிய டயர் தந்த உயரத்தில் ஒரு பகுதி இழக்கப்படுகிறது.

தொழிற்சாலையின் பதில்

உரிமையாளர்கள் பட்டறைகளில் செய்துவந்ததைத் தொழிற்சாலை 2003இல் ஏற்றது. அவ்வாண்டு வெளியான ராங்லர் ரூபிகானில் முன்னும் பின்னும் டேனா 44 அச்சுகள், இரண்டிலும் லாக்கர்கள், 4:1 விகித டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவை இருந்தன. வண்டிக்கு அந்தப் பாதையின் பெயரையே சூட்டியது தற்செயல் அல்ல.

முறிவின் விலை

உடைந்த அச்சுக்கூட்டிலிருந்து கியர் எண்ணெய் ஒழுகும். ரூபிகான் பாதை நீரோடைகளையும் ஏரிகளையும் ஒட்டிச் செல்கிறது. 2009இல் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு நீர்த்தர வாரியம், மண் அரிப்பு, எண்ணெய்க் கசிவு, மனிதக் கழிவு ஆகியவற்றைச் சுட்டிக்காட்டித் துப்புரவு ஆணை பிறப்பித்தது. முறியாத அச்சு ஓட்டுநரின் சொந்த வசதி என்ற நிலை மாறி, பாதை திறந்திருப்பதற்கான தேவைகளுள் ஒன்றாயிற்று.

முற்றிலும் முறியாத வண்டி என்று ஒன்றில்லை. டேனா 60 மாட்டினால் அடுத்து டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு உடையலாம். அனுபவமிக்கவர்கள் இதை விரும்பியே ஏற்கின்றனர். அந்த மூட்டு விலை குறைந்தது, ஒன்றிரண்டைப் பெட்டியில் எடுத்துச்செல்லலாம், பாதையிலேயே மாற்றலாம், அது உடைந்தால் சக்கரம் கழலாது, எண்ணெய் ஒழுகாது. வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் செய்யும் வேலை இது. ஆகவே அச்சை மாற்ற எண்ணுபவர் அது எவ்வளவு தாங்கும் என்பதோடு, அதன் பின் எது முதலில் உடையும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.